என்எஃப்எல் டிராஃப்ட்டைக் கணிக்கும் மாடல்கள் எங்கே சறுக்குகின்றன

2025 ஏப்ரல் 24 அன்று கிரீன் பே நகரில் என்எஃப்எல் டிராஃப்ட் தொடங்கியபோது, கொலராடோ பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக் (பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவர்) ஷெடூர் சாண்டர்ஸ் முதல் சுற்றிலேயே போய்விடுவார் என்றுதான் பெரும்பாலான கணிப்புகள் சொல்லின. முதல் நாள் முடிந்தது, அவர் பெயர் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. மூன்றாம் நாள், ஐந்தாம் சுற்றில், 144ஆவது ஆளாக கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணி அவரை எடுத்தது. அதற்குள் வேறு ஐந்து குவார்ட்டர்பேக்குகள் போயிருந்தார்கள். அந்த ஐந்தில் ஒருவரை எடுத்ததும் இதே பிரவுன்ஸ்தான்.

இந்த விளையாட்டுக்குப் புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. என்எஃப்எல் என்பது அமெரிக்கக் கால்பந்து லீக். 32 அணிகள் ஏழு சுற்றுகளில் கல்லூரி வீரர்களை ஒவ்வொருவராக எடுக்கும், மொத்தம் 250 சொச்சம் தேர்வுகள். போன பருவத்தில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. ஐபிஎல் ஏலம் போல இங்கே விலை கூறுவது கிடையாது. யாருடைய முறை எப்போது வருகிறது என்பதுதான் எல்லாமே. அந்த முறையையும் அணிகள் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளலாம்.

இதைக் கணிக்க மாடல் (பழைய தரவிலிருந்து கணிக்கும் கணினி நிரல்) எழுத உட்காரும் எல்லோரும் முதலில் செய்வது ஒரே தவறுதான். நானும் அதைத்தான் செய்தேன். கல்லூரிப் புள்ளிவிவரம், உயரம், எடை, ஓட்ட நேரம் எல்லாவற்றையும் கொட்டி, யார் நல்ல ஆட்டக்காரர் என்று கணக்குப் போட்டேன். கணக்கு ஒருவேளை சரியாகவே இருக்கலாம், ஆனால் கேள்வி அதுவல்ல. பின்னாளில் தலைசிறந்த குவார்ட்டர்பேக்காகப் பெயரெடுத்த டாம் பிரேடியை 2000இல் 199ஆவதாகத்தான் எடுத்தார்கள். பிறகு தன் அணியின் தொடக்க குவார்ட்டர்பேக்காக உயர்ந்த பிராக் பர்டி 2022இல் 262ஆவது, அதாவது அந்த ஆண்டின் கடைசித் தேர்வு. இவர்களை முதல் சுற்றில் வைத்த ஒரு மாடல் இருந்திருந்தால், ஆட்டத்தைப் பற்றி அது சொன்னது சரி, டிராஃப்ட்டைப் பற்றிச் சொன்னது முழுக்கத் தப்பு. நாம் கணிப்பது 32 அறைகளில் உட்கார்ந்திருக்கும் மனிதர்களின் முடிவை. அவர்களுடைய தேவை, பயம், அவசரம் எல்லாம் அதில் சேர்ந்தே வரும். இதை மறந்தால் மற்ற தவறுகள் தாமாகவே பின்னால் வரும்.

சாண்டர்ஸ் விஷயத்துக்கே வருவோம். பல மாடல்கள் ஒரு வீரருக்கு ஒரே ஒரு எண்ணைக் கொடுக்கின்றன: இவர் ஏறத்தாழ 20ஆவது இடத்தில் போவார், முன்பின்னாகப் பத்து இடம் தள்ளலாம். லைன்மேன்களுக்கு (முன்வரிசையில் எதிரணியோடு மோதுபவர்கள்) இது ஓரளவு ஒத்துவரும், குவார்ட்டர்பேக்குக்கு ஒத்துவராது. ஒரு அணிக்குத் தொடக்க ஆட்டக்காரராக ஒரு குவார்ட்டர்பேக் போதும். அந்த ஆண்டு ஆள் தேடும் அணிகள் சில மட்டுமே. அவை எல்லாம் ஒருவரைத் தாண்டிப் போய்விட்டால், மீதி அணிகள் அவரை மாற்று ஆட்டக்காரராகத்தான் பார்க்கும், அதற்கு யாரும் உயர்ந்த தேர்வைச் செலவழிக்க மாட்டார்கள். அதனால் அவர் பத்து இடம் சறுக்குவதில்லை, ஒரேயடியாக விழுகிறார். 2022இல் குவார்ட்டர்பேக் மாலிக் வில்லிஸுக்கும் இதுதான் நடந்தது. முதல் சுற்றில் பேசப்பட்டவர் 86ஆவதாகப் போனார். இந்த மாதிரி வீரரின் நிகழ்தகவை வரைந்தால் இரண்டு குன்றுகள் தெரியும். 20ஐச் சுற்றி ஒன்று, 100ஐச் சுற்றி இன்னொன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டின் சராசரி 60 என்று சொல்லும் மாடல், நடுவில் உள்ள பள்ளத்தைக் கைகாட்டுகிறது. ஒற்றை எண்ணை விட்டுவிட்டு, இன்னின்ன இடம் வரை இவர் மிச்சமிருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கேளுங்கள். அணிகளுக்கும் உண்மையில் வேண்டியிருப்பது அந்தப் பதில்தான்.

அடுத்தது, ஒவ்வொரு வீரரையும் தனித்தனியாகக் கணிப்பது. டிராஃப்ட் ஒரு சங்கிலி. ஒரு குவார்ட்டர்பேக் போனால் அடுத்த அணி பதறும், ஒரு நல்ல லைன்மேன் எதிர்பாராமல் மிச்சமிருந்தால் பின்னால் இருப்பவர் முன்னேறி வருவார். 2024இல் முதல் 12 தேர்வுகளிலேயே ஆறு குவார்ட்டர்பேக்குகள் போனார்கள். முதல் 14 பேரும் தாக்கும் பக்கத்து ஆட்டக்காரர்கள். 15ஆவதாக இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் லையாட்டு லாட்டுவை எடுத்த பிறகுதான் தடுக்கும் பக்கத்துக் கணக்கே தொடங்கியது. 2022இல் இதற்கு நேர் எதிர்: முதல் ஐந்து பேரும் தடுப்பாளர்கள், முதல் குவார்ட்டர்பேக் கென்னி பிக்கெட் 20ஆவதாகத்தான் போனார். தனித்தனி நிகழ்தகவுகளைப் பெருக்கிப் பார்க்கும் மாடலுக்கு இந்த இரண்டு ஆண்டுகளுமே நடக்கவே முடியாதவையாகத் தோன்றும். முழு டிராஃப்ட்டையும் முதல் தேர்விலிருந்து வரிசையாக, ஒவ்வொரு முறையும் மிச்சமிருப்பவர்களை வைத்து, சில ஆயிரம் தடவை ஓட்டிப் பார்ப்பதே வழி. அந்த ஓட்டத்தில் அணிகள் இடம் மாற்றிக்கொள்வதையும் சேர்க்க வேண்டும். டல்லஸ் அணியின் பயிற்சியாளராக இருந்த ஜிம்மி ஜான்சன் காலத்து மதிப்பு அட்டவணை (ஒவ்வொரு தேர்வும் எத்தனை புள்ளி பெறும் என்று சொல்வது, முதல் தேர்வுக்கு 3000 புள்ளிகள்) தொடக்கத்துக்குப் போதும். ஆனால் குவார்ட்டர்பேக்குக்காக முன்னேறும் அணி அட்டவணையைவிட அதிகம் கொடுக்கத் தயாராக இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இந்த இரண்டு ஆண்டுகளும் இன்னொன்றையும் சொல்கின்றன. உங்கள் கையில் இருபது ஆண்டுத் தரவு இருந்தால், ஐயாயிரம் வரிசைகள் இருப்பதாகத் தோன்றும். ஆனால் ஓராண்டில் எடுக்கப்பட்டவர்கள் அனைவரும் ஒரே போட்டியின் பகுதிகள். உண்மையில் நீங்கள் பார்த்திருப்பது இருபது டிராஃப்ட்டுகள். வரிசைகளைக் குலுக்கிப் பயிற்சிக்குப் பாதி, சோதனைக்குப் பாதி என்று பிரித்தால், 2022இன் ஒரு பாதி மறுபாதியை மாடலுக்குக் காட்டிக்கொடுத்துவிடும். சோதனை மதிப்பெண் அழகாக வரும், ஏப்ரலில் மாடல் கவிழும். ஆண்டு ஆண்டாகப் பிரியுங்கள், முந்தைய ஆண்டுகளை மட்டும் வைத்து அடுத்த ஆண்டைக் கணியுங்கள்.

பழைய தரவை அப்படியே நம்புவதும் கூடாது. 2010இல் முதல் தேர்வான சாம் பிராட்ஃபோர்டின் ஒப்பந்தத்தில் 5 கோடி டாலர் உத்தரவாதம். 2011இல் புதியவர்களின் சம்பளத்துக்கு வரம்பு வந்தது. அந்த ஆண்டின் முதல் தேர்வான கேம் நியூட்டனுக்கு மொத்தமே 2.2 கோடிதான். தவறான ஆளை எடுத்தால் ஏற்படும் இழப்பு ஒரே ஆண்டில் பாதிக்கும் கீழே இறங்கியது. அதற்கு முந்தைய அணிகளின் முடிவுகளும் பிந்தைய முடிவுகளும் ஒரே பேனாவால் எழுதப்பட்டவை அல்ல.

அப்புறம் கம்பைன். ஒவ்வோர் ஆண்டும் இண்டியானாபொலிஸில் நடக்கும் இந்த உடற்திறன் சோதனையின் எண்கள் இணையத்தில் எளிதில் கிடைக்கின்றன. எளிதில் கிடைப்பதாலேயே மாடல்கள் அதன் மேல் சாய்கின்றன. மார்வின் ஹாரிசன் ஜூனியர் 2024இல் அங்கே ஓடவே இல்லை, ஆனாலும் நான்காவதாகப் போனார். அவருக்கு 40 கெஜ ஓட்ட நேரம் காலியாக இருக்கும். அந்தக் காலியிடத்தில் சராசரியை நிரப்பினால், ஓடத் தேவையில்லாத அளவு உயர்ந்த ஒருவரைச் சராசரி ஓட்டக்காரராக மாற்றிவிடுகிறீர்கள். காயத்தால் ஓடாதவருக்கோ அதே காலியிடம் வேறு அர்த்தம் தரும். ஓடவில்லை என்பதையே ஒரு தனித் தகவலாக வையுங்கள், காரணம் தெரிந்தால் அதையும் சேருங்கள்.

நிபுணர்களின் மாக் டிராஃப்ட்டுகளை (யார் எங்கே போவார் என்று முன்கூட்டியே எழுதும் கணிப்புப் பட்டியல்கள்) திரட்டிச் சராசரி எடுப்பது நல்ல முறை, நான் பார்த்தவரை தனி மாடல்களைவிட நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் ஐம்பது மாக் டிராஃப்ட்டுகள் ஐம்பது சாட்சிகள் ஆகிவிடாது. கடைசி வாரத்தில் எல்லோரும் ஒரே இரண்டு மூன்று செய்தியாளர்களைப் படித்துத்தான் திருத்துகிறார்கள். பந்தய விகிதமும் அப்படித்தான். 2023இல் பெயர் தெரியாத ஒருவர் ரெட்டிட்டில் போட்ட பதிவை நம்பிப் பணம் குவிந்ததில், குவார்ட்டர்பேக் வில் லெவிஸ் முதல் தேர்வாகக்கூடும் என்று விகிதம் தாவியது. அவர் முதல் சுற்றிலேயே போகவில்லை, 33ஆவதாகப் போனார். ஒரே வதந்தி மாக் டிராஃப்ட்டிலும் பந்தயத்திலும் செய்தியிலும் மூன்று வேடத்தில் வந்தால், மாடல் அதை மூன்று ஆதாரமாக எண்ணும்.

கடைசியாக, மதிப்பெண் போடுவது. 2025இல் இரண்டாவது தேர்வு பிரவுன்ஸின் கையில் இருந்தது. டிராவிஸ் ஹன்டரை எடுப்பார்கள் என்றே கிட்டத்தட்ட எல்லாக் கணிப்பும் சொன்னது. ஹன்டர் இரண்டாவதாகத்தான் போனார். ஆனால் எடுத்தது ஐந்தாம் இடத்திலிருந்து முன்னேறி வந்த ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ். இந்தக் கணிப்பு சரியா, தப்பா? இடத்துக்கும் அணிக்கும் தனித்தனி மதிப்பெண் வைத்திருந்தால் பதில் இருக்கும், வைக்காதவர்கள் முடிவைப் பார்த்த பிறகு தங்களுக்கு வசதியானதைத் தேர்ந்துகொள்வார்கள். எனவே டிராஃப்ட் தொடங்குவதற்கு முன்பே விதியை எழுதுங்கள், நிகழ்தகவுகளைத் தேதியோடு சேமியுங்கள், பக்கத்திலேயே அன்றைய மாக் டிராஃப்ட்டுகளின் சராசரியையும் வையுங்கள். அந்தச் சராசரியைத் தொடர்ந்து சில ஆண்டுகள் தாண்டும் வரை, உங்கள் மாடலை நம்பி யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம்.