வெள்ளவத்தை மொட்டை மாடியில் ஓர் இராட்சத விலங்கைப் படம்பிடிப்பது எப்படி?

1954ஆம் ஆண்டு ஜப்பானின் தோஹோ நிறுவனம் ‘கொட்சில்லா’வைத் தயாரித்தபோது, அதன் விசேட காட்சிகளுக்குப் பொறுப்பாக இருந்த எய்ஜி சுபுராயா, 1933இல் வந்த ‘கிங் கொங்’கைப் போலப் பொம்மையைச் சிறிது சிறிதாக அசைத்து, ஒவ்வொரு படமாக எடுக்கவே விரும்பினார். அதற்கு வேண்டிய காலம் கிடைக்கவில்லை. ஆகவே ஹருவோ நகஜிமா என்ற நடிகருக்கு ஏறத்தாழ 100 கிலோகிராம் எடையுள்ள உடையை அணிவித்து, இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் கட்டப்பட்ட டோக்கியோவை மிதிக்கவிட்டு, கமராவை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டிப் படம்பிடித்தார். கொழும்பின் கரையோரப் பகுதியான வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டில் இருந்துகொண்டு அரை நிமிடக் காட்சி ஒன்றை எடுக்க விரும்புபவருக்கும் அந்த வழியே பொருத்தமானது என்பது என் கருத்து. பெரிய உடை தேவையில்லை. முழங்கை வரை ஏறும் கைப்பாவை ஒன்று போதும்.

முதலில் செய்ய வேண்டியது கணக்கு. விலங்கு எவ்வளவு பெரியது என்பதை அதன் உருவத்தைவிட அதன் வேகமே பார்ப்பவருக்குச் சொல்கிறது. 20 மீட்டர் உயரக் கட்டடத்தின் உச்சியிலிருந்து விழும் கல் நிலத்தைத் தொட ஏறத்தாழ 2 விநாடி எடுக்கும். அதே கட்டடத்தை 31 சென்ரிமீட்டர் மாதிரியாகச் செய்தால், உச்சியிலிருந்து விழும் துண்டு கால் விநாடியில் கீழே வந்துவிடும். அதைக் கண்டதும் இது மட்டைப்பெட்டி என்று கண் தீர்ப்பளித்துவிடும். இதைச் சரிசெய்ய, மாதிரி எத்தனை மடங்கு சிறியதோ அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் காட்சியை மெதுவாக்க வேண்டும். பொம்மைக் கார்களில் பல அறுபத்துநான்கில் ஒரு பங்கு அளவை ஒட்டியவை. 64இன் வர்க்கமூலம் 8. இன்றைய கைத்தொலைபேசிகள் பலவற்றில் விநாடிக்கு 240 படங்கள் எடுக்கும் ஸ்லோ மோஷன் வசதி உண்டு. அதை விநாடிக்கு 30 படங்களாக ஓட்டினால் சரியாக 8 மடங்கு மெதுவாகும். எனவே மாதிரித் தெருவில் நிற்க வேண்டிய கார்களைப் பொம்மைக் கடையில் வாங்கி, மற்ற எல்லாவற்றையும் அவற்றின் அளவுக்குக் கட்டுவதே சிக்கனமான வழி.

இந்த அளவில் 11 மீட்டர் நீளமுள்ள பஸ் 17 சென்ரிமீட்டராகவும், 50 மீட்டர் உயரமுள்ள கொட்சில்லா 78 சென்ரிமீட்டராகவும் சுருங்கும். தாமரைக் கோபுரத்தை மட்டும் விட்டுவிடுங்கள். சுமார் 350 மீட்டர் உயரமுள்ள அதை இந்த அளவில் கட்டினால் ஐந்து மீட்டரைத் தாண்டும். காலி வீதியின் ஒரு துண்டு, அதாவது புடவைக் கடை, மருந்தகம், சைவ உணவகம், மேலே இரண்டு மூன்று தட்டு வீடுகள் என்பதே அழகான நகரம். சுவர்களுக்கு ரிஜிபோம் வேண்டாம். உடைந்த இடத்தில் அதன் வெள்ளை மணிகள் தெரிந்துவிடும். மெல்லிய பிளாஸ்டர் ஒஃப் பரிஸ் தகடுகளை வார்த்து, பின்புறத்தில் கத்தியால் ஒழுங்கற்ற கோடுகளைக் கீறி, ஓரங்களில் மட்டும் இலேசாக ஒட்டினால், தள்ளியவுடன் சுவர் கோடுகளின் வழியே பிளக்கும். உள்ளே தளங்களையும் ஓரிரு மேசைகளையும் வைக்க மறக்காதீர்கள். வெறுமையான உட்புறம் எல்லா உழைப்பையும் காட்டிக்கொடுத்துவிடும். சுவர்களுக்கிடையே சிறிது முகப்பவுடரைத் தூவிவைத்தால் இடிபாட்டுப் புழுதி எழும். தண்ணீரையும் நெருப்பையும் தவிர்க்க வேண்டும். நீர்த்துளியும் தீச்சுடரும் மாதிரியோடு சேர்ந்து சுருங்குவதில்லை என்பதால், பெரிய ஸ்டூடியோக்களின் படங்களிலும் கடற்காட்சிகளே முதலில் பொய்யாகத் தெரிகின்றன.

கைப்பாவைக்கு மெத்தை ஸ்பொஞ்சை வெட்டி உடலும் தலையும் செய்து, உள்ளே கை நுழையத் துளை விடுங்கள். அமோனியா சேர்த்துப் பதப்படுத்திய றப்பர் பாலைப் புறக்கோட்டை இரசாயனக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். கசக்கிய ரிஷூத் தாளை ஸ்பொஞ்சின் மேல் பரப்பி, அந்தப் பாலை மூன்று நான்கு பூச்சாகப் பூசினால் சுருக்கம் விழுந்த தோல் கிடைக்கும். றப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் இதைத் தொடக்கூடாது. பளபளப்பில்லாத கரும் சாம்பல் நிறமே நல்லது, ஏனெனில் மினுங்கும் தோல் பொம்மையைச் சிறிதாக்கும். கமராவுக்குத் தெரியாத பாகங்களைச் செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம்: 1955இல் வெளிவந்த படமொன்றில் பொம்மைகளை அசைத்துப் படமெடுப்பதில் பெயர்பெற்ற ரே ஹரிஹவுசன் தம் இராட்சத ஒக்டோபஸுக்குச் செலவைக் குறைப்பதற்காக எட்டுக்குப் பதிலாக ஆறு கைகளை மட்டுமே வைத்தார், பெரும்பாலானோர் எண்ணிப் பார்க்கவில்லை.

படப்பிடிப்பை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அதில் எரியும் பல விளக்குகள் விநாடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிப்பது, 240 படங்களில் எடுக்கும்போது துடிப்பாகப் பதிவாகும். மேலும் இவ்வளவு வேகத்தில் எடுக்க வெளிச்சம் மிக அதிகமாக வேண்டும். மொட்டை மாடியில், காவலாளியிடமும் உடுப்புக் காயப்போடும் அயலவரிடமும் முன்பே சொல்லிவிட்டு, காலை எட்டு மணியளவில் மேசையைப் போடுங்கள். அப்போது சூரியன் கிழக்கே உங்கள் முதுகுப்புறம் இருக்கும், கமரா கடற்பக்கத்து வானத்தைப் பார்க்கும், கடற்காற்றும் இன்னும் வலுத்திருக்காது. ஜனவரி முதல் மார்ச் வரையான மாதங்கள் உகந்தவை. மேசை கைப்பிடிச் சுவரிலிருந்து நன்கு தள்ளியே இருக்கட்டும். பிளாஸ்டர் துண்டு கீழே யார் தலையிலும் விழக்கூடாது.

தெருவில் நிற்கும் மனிதனின் கண் மட்டம் இந்த அளவில் இரண்டரைச் சென்ரிமீட்டர். ஆகவே கைத்தொலைபேசியைத் தலைகீழாகத் திருப்பினால், மேல்மூலையிலுள்ள லென்ஸ் வீதியோடு ஒட்டிவரும். சற்று மேல்நோக்கிச் சாய்த்தால் கட்டடங்களுக்குப் பின்னே குந்தியிருப்பவரின் தலை மறைந்து, அவர் கை மட்டும் வானத்தில் எழும். திரையில் விரலை அழுத்திப் பிடித்து, குவியத்தையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடுங்கள்.

கைப்பாவையை ஆட்டுபவருக்குத்தான் உண்மையான சோதனை. திரையில் நான்கு விநாடி நீளும் தலைத்திருப்பலை அவர் அரை விநாடியில் முடிக்க வேண்டும். மெதுவாக ஆட்டினால் விலங்கு நித்திரையில் நடப்பது போலாகும். வெடுக்கென்று ஆட்டினால் கோழியாகும். தோளிலிருந்து தொடங்கி, பிறகு கழுத்து, கடைசியாகத் தாடை என்று அசைவு ஒன்றன்பின் ஒன்றாகப் போக வேண்டும்; எடையுள்ள உடல் அப்படித்தான் திரும்பும். கட்டடங்கள் இல்லாமல் பலமுறை எடுத்துப் பார்த்துவிட்டு, கை பழகிய பின்னரே சுவரைத் தொடவிடுங்கள், ஏனெனில் சுவர் ஒருமுறைதான் உடையும்.

ஒவ்வொரு படமாக எடுக்கும் முறைதான் வேண்டும் என்பவர்கள், விநாடிக்கு 12 படங்கள் என்று கணக்கிட்டு, ஐந்து விநாடிக்கு 60 படங்களுக்குத் தயாராகட்டும். ஜன்னலைத் திரையிட்டு மூடி, மாறாத மேசை விளக்கொன்றின் கீழ், மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும். கொழும்பு வெக்கையில் இது ஒரு தவம். உரோமம் வைக்கவே வேண்டாம். கிங் கொங்கின் முயல்தோலில் விரல்கள் பட்ட இடங்கள் படத்துக்குப் படம் மாறியதால், அதன் உரோமம் சிலிர்த்துக்கொண்டே இருப்பதை இன்றும் காணலாம்.

ஒலியைப் பின்னர் சேர்க்கலாம். கொட்சில்லாவின் கர்ஜனைக்கு இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே, கொன்ட்ராபாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தின் தளர்த்திய தந்திகளை மரப்பிசின் பூசிய தோல் கையுறையால் இழுத்து எழுந்த ஒலியைப் பயன்படுத்தினார். நாம் வெற்றுப் பால்மா ரின்னின் அடியில் துளையிட்டு, பருத்திக் கயிறொன்றை முடிச்சிட்டுக் கோத்து, வயலின் பழகும் பிள்ளை இருக்கும் வீட்டில், வில்லில் தேய்க்கும் ரொசின் என்ற பிசினைச் சிறிது கேட்டு வாங்கிக் கயிற்றில் தேய்த்து, இறுக்கிப் பிடித்து இழுக்கலாம். பதிவைப் பாதி வேகத்தில் ஓட்டினால் சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும். அது போதாவிட்டால் மீண்டும் பாதியாக்குங்கள். காலடிச் சத்தத்தை, கால் நிலத்தைத் தொடும் படத்துக்கு ஓரிரு படங்கள் பிந்தி வையுங்கள். விலங்கு தூரத்தில் நிற்பதாகக் காது நம்பும்.