டயோடு காட்டும் எண் யாருடையது? தீவிரப் புற ஊதாக் கற்றையை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆர்கான் வாயுவில் 800 நானோமீட்டர் லேசரைக் குவித்து, 30 நானோமீட்டர் அளவில் தீவிரப் புற ஊதாக் கதிரை உண்டாக்குகிறோம். ஒளியை மின்னோட்டமாக மாற்றிக் காட்டும் டயோடில் சிக்னல் வந்ததும் அதை அப்படியே குறித்துக்கொள்வதுதான் முதல் தவறு. லேசர் ஆற்றலில் லட்சத்தில் ஒரு பங்கு புற ஊதாவாக மாறினாலே பெரிய விஷயம். மிச்சம் லேசராகவே அதே பாதையில் வருகிறது. சிலிக்கான் டயோடுக்கு அதுவும் நன்றாகத் தெரியும். லேசரைத் தடுத்துப் புற ஊதாவை மட்டும் விட நடுவில் வைத்த அலுமினிய ஃபில்டரில் ஓர் ஊசித்துளை இருந்தால் போதும், அளந்தது வேறு எதையோ என்றாகிவிடும்.

இதற்கு டயோடின் முன்னால் சாதாரணக் கண்ணாடித் துண்டு ஒன்றை நகர்த்தி வையுங்கள். புற ஊதா அதில் முழுவதும் நின்றுவிடும், லேசர் கடந்துவிடும். அப்போதும் வருகிற சிக்னல் கசிவுதான். வாயுவை நிறுத்திப் பார்ப்பதும் வழக்கம். ஆனால் லேசர் பட்டு அயனியான வாயுவின், அதாவது பிளாஸ்மாவின், வெளிச்சமும் சேர்ந்து மறைந்துவிடும் என்பதால் எனக்குக் கண்ணாடிதான் நம்பிக்கை.

அந்த ஃபில்டரின் தடிமன் பெரும்பாலும் 200 நானோமீட்டர்தான். பம்பை அவசரமாகத் திறந்தால் இரு பக்க அழுத்த வேறுபாட்டில் கிழிந்துவிடும். மாட்டும் முன் இருட்டறையில் விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். துளை இருந்தால் நட்சத்திரம் போல மினுக்கும். அப்புறம், அட்டவணையில் உள்ள ஊடுருவல் அளவு தூய அலுமினியத்துக்கு உரியது. மேலே படியும் ஆக்சைடு அதைக் கணிசமாகக் குறைக்கும். இரண்டாவது ஃபில்டரை உள்ளே விட்டு, வெளியே எடுத்து நீங்களே அளந்துவிடுங்கள்.

ஃபோட்டான் கணக்கிலும் ஒரு பொறி உண்டு. 30 நானோமீட்டர் ஃபோட்டானுக்கு 41 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல். சிலிக்கானில் ஓர் எலக்ட்ரான்-துளை இணையை உண்டாக்கச் சுமார் 3.65 எலக்ட்ரான்வோல்ட் போதும். ஆக, ஒரு ஃபோட்டான் ஏறக்குறைய 11 எலக்ட்ரான்களைத் தரும். ஒன்றுக்கு ஒன்று என்று வகுத்தால் ஃபோட்டான் எண்ணிக்கை 11 மடங்கு ஊதிவிடும்.

அலைநீளங்களைப் பிரித்துக் காட்டும் கிரேட்டிங்கில் 60 நானோமீட்டர் இடத்தில் கோடு தெரிந்தால், அது 30 நானோமீட்டர் கதிரே இரட்டிப்பு அலைநீளத்தின் இடத்தில் விழும் இரண்டாம் வரிசையா என்று முதலில் சந்தேகப்படுங்கள். கற்றையின் அகலத்தைச் சொல்லும்போது செறிவு உச்சத்தில் பாதியாகும் இடத்து அகலமா (பாதி உயர அகலம்), செறிவு 13.5 சதவீதமாகக் குறையும் இடத்து விட்டமா என்று எழுதுங்கள். செறிவு மணி வடிவில் குறையும் காஸியன் கற்றையில் இரண்டுக்கும் 1.7 மடங்கு வித்தியாசம். பரப்பில் அது கிட்டத்தட்ட 3 மடங்கு.

கடைசியாக, கார்பன் படிவு. வெற்றிட அறையில் மிஞ்சிய எண்ணெய் ஆவி, கதிர் படும் இடத்தில் மெல்லப் படிகிறது. டயோடின் நடுவில் பழுப்புத் திட்டு தெரிந்தால், கற்றையைச் சற்றுத் தள்ளி விழச் செய்து மறுபடி அளந்து பாருங்கள். எண் கூடினால், பழைய அளவீடுகளையும் திருத்த வேண்டியிருக்கும்.