கூட்டமில்லாத இமயமலை ட்ரெக்கைத் தேர்ந்தெடுப்பது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

டிசம்பர் கடைசி வாரத்தில் உத்தரகாண்டின் கேதார்காந்தா உச்சிக்குக் கிளம்பும் கூட்டத்தை வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். விடிவதற்கு முன்பே நெற்றி விளக்குகள் வரிசையாக ஏறும். மேலே போட்டோ எடுக்கவும் வரிசைதான். அதைப் பார்த்துவிட்டு "ஆளே இல்லாத இடமாகச் சொல்லுங்கள்" என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். ஒரு பெயரைச் சொல்லிவிடுவது சுலபம். ஆனால் ஆள் இல்லாத இடத்தில் உதவியும் இருக்காது. அதனால் எவ்வளவு தனிமை வேண்டும் என்பதற்கு முன்னால், அங்கிருந்து எப்படி வெளியே வருவது என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கீழே உள்ள வரிசை அதற்குத்தான்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு நாள் ஏற்றங்கள் சில போயிருக்கிறீர்கள், பனிமலைக்கு இதுவே முதல்முறை என்று வைத்துக்கொள்கிறேன். எடுத்துக்காட்டுக்கு உத்தரகாண்டின் சமோலி மாவட்டத்தில் உள்ள பாகினி பனியாற்றுப் பாதையைக் கூடவே வைத்துக்கொண்டு போவோம்.

படி 1: கூட்டம் எதனால் வருகிறது என்று பாருங்கள்

ஒரு பாதையில் கூட்டம் சேர அழகு மட்டும் காரணமல்ல. டில்லியிலிருந்தோ டேராடூனிலிருந்தோ ஒரே நாளில் மலையடிவாரத்தை எட்ட முடிய வேண்டும், நடை நான்கைந்து நாளில் முடிய வேண்டும், கடைசியில் 'தொட்டுவிட்டேன்' என்று சொல்ல ஒரு உச்சி இருக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால் பெரிய ட்ரெக்கிங் நிறுவனங்கள் வாரத்துக்குப் பல குழுக்களை அனுப்பத் தொடங்கிவிடும். கேதார்காந்தா சுமார் 3,800 மீட்டர்தான், மூன்றும் அதற்குப் பொருந்தும்.

அப்படியானால் நீங்கள் தேட வேண்டியது இதற்கு நேர் எதிரானது: ஆறேழு நாள் நடை, உச்சிக்குப் பதில் ஒரு பனியாற்றிலோ ஏரியிலோ முடிகிற பாதை, நிறுவனங்களின் தேதிப் பட்டியலில் அரிதாக வருகிற பெயர். பட்டியலைத் திறந்து ஒரு மாதத்துக்கு எத்தனை குழுக்கள் கிளம்புகின்றன என்று எண்ணிப் பாருங்கள், கூட்டம் எவ்வளவு இருக்கும் என்பது அதிலேயே தெரிந்துவிடும். 'ஆஃப்பீட்' என்று விளம்பரத்தில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம்.

இன்னொரு வழி, அடிவாரத்தை மாற்றாமல் பள்ளத்தாக்கை மட்டும் மாற்றுவது. கேதார்காந்தாவுக்குக் கிளம்பும் அதே சாங்க்ரி ஊரிலிருந்துதான் ஹர் கி தூன் பாதையும் போகிறது. அதில் பாதி வழியில் பிரிந்து ரூயின்சாரா ஏரிப் பக்கம் திரும்பினால் கூட்டம் சட்டென்று குறைந்துவிடும். கடை, ஜீப், கைடு எல்லாம் உள்ள ஊரிலிருந்தே கிளம்பலாம் என்பதால் முதல்முறை போகிறவர்களுக்கு இது வசதி.

படி 2: மாதத்தை முடிவு செய்யுங்கள்

உத்தரகாண்டில் ஜூலை, ஆகஸ்டில் பருவமழை கொட்டும். மலைச்சாலைகளில் மண்சரிவு அன்றாட நிகழ்ச்சி. 'அப்போதுதான் கூட்டம் இல்லை' என்று கிளம்பாதீர்கள். அந்த மாதங்களில்தான் லீவு கிடைக்கும் என்றால் மழை மறைவுப் பகுதிகளான ஸ்பிதி, லடாக் பக்கம் தேடுங்கள்.

மே, ஜூனில் இரண்டு சிக்கல்கள். பள்ளி விடுமுறைக் கூட்டம் ஒன்று, சார்தாம் யாத்திரை இன்னொன்று. பாகினிக்குப் போகும் சாலை ஜோஷிமட் வரைக்கும் பத்ரிநாத் சாலையேதான். ட்ரெக்கில் ஆள் இருக்க மாட்டார்கள், ஆனால் அங்கே போய்ச் சேர்வதற்குள் ரிஷிகேஷிலிருந்தே வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும்.

என் தேர்வு செப்டம்பர் பின்பாதி முதல் அக்டோபர் முதல் பாதி வரை. மழை கழுவிவிட்ட வானம் தெளிவாக இருக்கும், மேலே புல் பொன்னிறமாகியிருக்கும். இரவுக் குளிர் மட்டும் கடுமை. தசரா வாரத்தைத் தவிர்த்துவிட்டால் இன்னும் நல்லது.

படி 3: பாதையின் வடிவத்தைப் பாருங்கள்

பெரும்பாலானோர் தவறவிடும் படி இதுதான். பல நாள் பாதைகளில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று, ஒரு கணவாயைத் தாண்டி மறுபக்கம் இறங்குவது. இன்னொன்று, போன வழியே திரும்புவது. படங்களில் கணவாய்தான் கவர்ச்சியாக இருக்கும். இமாசலத்தில் உள்ள 'பின் பாபா' என்ற கணவாயையே எடுத்துக்கொள்ளுங்கள்: கின்னௌர் பக்கம் பச்சைக் காடும் புல்வெளியுமாக ஏறி, சுமார் 4,900 மீட்டரில் கணவாயைத் தாண்டினால், மறுபக்கம் மழையே காணாத ஸ்பிதியின் பாலை. ஒரே நடையில் இரண்டு உலகம். அருமையான பாதை, சந்தேகமில்லை.

ஆனால் கணவாய்க்கு அருகில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் என்ன செய்வது? முன்னால் போனால் இன்னும் ஏற்றம். பின்னால் போனால் இரண்டு நாள் நடை. தாண்டிய பிறகு என்றால் மறுபக்கத்துச் சாலை வரை தூக்கிக்கொண்டு போக வேண்டும். பனி பெய்து கணவாய் மூடினால் மொத்தத் திட்டமும் போச்சு, ஜீப் வேறு மறுபக்கம் காத்திருக்கும்.

போன வழியே திரும்புகிற பாதையில் இந்த நெருக்கடி இல்லை. எந்த நாளில் திரும்பினாலும் இறக்கம்தான், வழியும் ஏற்கெனவே தெரியும். 'பார்த்ததையே திரும்பப் பார்க்க வேண்டுமே' என்று சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. மலையில் அப்படி இருக்காது. ஏறும்போது முதுகுக்குப் பின்னால் இருந்த சிகரங்கள் இறங்கும்போதுதான் முகத்துக்கு நேரே வரும்.

2024 ஜூன் தொடக்கத்தில் உத்தரகாண்டின் சஹஸ்ர தால் பாதையில் பெரும்பாலும் கர்நாடகத்தைச் சேர்ந்த 22 பேர் குழு ஒன்று நான்காயிரம் மீட்டருக்கு மேலே பனிப்புயலில் சிக்கியது. ஒன்பது பேர் இறந்துபோனார்கள். மற்றவர்களை மீட்க விமானப்படை ஹெலிகாப்டர்களும் மாநிலப் பேரிடர் மீட்புப் படையும் போக வேண்டியிருந்தது. ஜூன் என்பது நல்ல மாதம்தான், அப்படிப்பட்ட மாதத்திலும் இது நடக்கும். மேலே போனபின் வானிலை கெட்டால் எங்கே ஒதுங்குவது என்ற கேள்விக்கு வரைபடத்திலேயே பதில் இருக்க வேண்டும்.

ஆகவே முதல்முறைக்கு என் பரிந்துரை: போன வழியே திரும்பும் பாதை, நடுவில் ஒரு கிராமம். பாகினி அப்படிப்பட்டது. ஜோஷிமட்டிலிருந்து மலாரி போகும் சாலையில் ஜும்மா அருகே இறங்கி நடந்தால் ரூயிங், அடுத்து துரோணகிரி கிராமம், அதற்கு மேலே பனியாறு. சங்கபாங், துனாகிரி சிகரங்கள் கண்முன் நிற்கும். துரோணகிரியில் கோடையில் மட்டும்தான் மக்கள் இருப்பார்கள், குளிருக்கு முன் கீழே இறங்கிவிடுவார்கள். அதனால் அக்டோபரில் போவதாக இருந்தால் ஊரில் ஆள் இருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். இந்த ஊர்க்காரர்கள் அனுமனைக் கும்பிடுவதில்லை. சஞ்சீவி மலையைப் பெயர்த்துக்கொண்டு போனது இங்கிருந்துதான் என்பது அவர்கள் நம்பிக்கை, அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. ஆஞ்சநேயர் டாலர் போட்டிருந்தால் சட்டைக்குள் விட்டுக்கொள்வது மரியாதை.

படி 4: தூங்கும் உயரங்களை எழுதிப் பாருங்கள்

ஒரு தாளில் ஒவ்வொரு இரவும் தூங்கப்போகும் இடத்தின் உயரத்தை வரிசையாக எழுதுங்கள். பகலில் எவ்வளவு உயரம் போகிறீர்கள் என்பதைவிட இரவு எங்கே படுக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். மருத்துவர்கள் சொல்லும் பொதுவான அளவு: 3,000 மீட்டருக்கு மேலே, ஒரு இரவுக்கும் அடுத்த இரவுக்கும் 500 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் இரண்டு இரவு தங்க வேண்டும்.

பாகினிக்கு எழுதிப் பார்ப்போம். ஜோஷிமட் சுமார் 1,900 மீட்டர். ரூயிங் மூவாயிரத்துக்குச் சற்றுக் கீழே. துரோணகிரி சுமார் 3,600. இங்கேயே அளவு மீறுகிறது: ஒரே நாளில் அறுநூறு, எழுநூறு மீட்டர் ஏற்றம். அதற்கு ஈடாக துரோணகிரியில் இரண்டு இரவு தங்க வேண்டும். அடுத்த கூடாரம் நான்காயிரத்தை ஒட்டி. அங்கிருந்து பகலில் 4,500 மீட்டர் வரை போய்ப் பனியாற்றைப் பார்த்துவிட்டு, படுக்கக் கீழே வந்துவிடலாம். ஒரு நிறுவனம் துரோணகிரியில் ஒரே இரவு என்று போட்டிருந்தால் அந்தத் திட்டத்தை ஏற்காதீர்கள், ஒரு நாள் சேர்க்கச் சொல்லுங்கள். காசு கூடும், பரவாயில்லை.

3,600 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை வந்தால் அன்று மேலே ஏறக் கூடாது. ஓய்விலும் மூச்சு வாங்கினாலோ, நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, குழப்பமாகப் பேசினாலோ நள்ளிரவானாலும் இறக்கிவிட வேண்டும். உயரத்தால் வரும் இந்த நோயைத் தடுக்க உதவும் டயாமாக்ஸ் மாத்திரையைப் பற்றி ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள், சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதையும் மறக்காமல் சொல்ல வேண்டும்.

படி 5: பாதை திறந்திருக்கிறதா?

பழைய பயணக் கட்டுரைகளை வைத்துத் திட்டம் போடாதீர்கள். 2018 ஆகஸ்டில் உத்தரகாண்ட் உயர் நீதிமன்றம் மலைப் புல்வெளிகளில் இரவு தங்கத் தடை விதித்தது. ரூப்குண்ட் போன்ற பெயர்பெற்ற பாதைகளின் பழைய திட்டங்கள் ஒரே நாளில் செல்லாக்காசாயின. எல்லையை ஒட்டிய சில பள்ளத்தாக்குகளில் இந்தியர்களுக்கும் இன்னர் லைன் பெர்மிட் தேவை. ஆதி கைலாஷ் பக்கம் போக தார்ச்சூலாவில் வாங்குவது அப்படித்தான். வனத்துறை அனுமதி தனி. இதையெல்லாம் அந்தந்த ஊரில் இருக்கும் கைடிடம் போனில் கேட்பதே சரி.

ஒரு எச்சரிக்கையும் இங்கே. வெளிநாட்டு வலைப்பதிவுகள் 'தனிமையான பாதைக்கு சாட்டிலைட் கருவி கட்டாயம்' என்று சொல்லும். இந்தியாவில் அரசு அனுமதியில்லாமல் சாட்டிலைட் போனோ, சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியோ வைத்திருப்பது குற்றம். விமான நிலையத்தில் மாட்டி வழக்கைச் சந்தித்தவர்கள் உண்டு. அதனால் நம் நாட்டில் தகவல் என்பது கால்நடையாகத்தான் போகும்: ஒருவர் சிக்னல் உள்ள இடம் வரை இறங்க வேண்டும். மூன்றாம் படியில் கிராமம் வேண்டும் என்று வற்புறுத்தியது இதற்காகவும்தான்.

படி 6: கைடிடம் பேசுங்கள்

தனியாகப் போகாதீர்கள். உள்ளூர் கைடாகப் பாருங்கள், உத்தரகாசி நேரு மலையேற்றக் கழகம் போன்ற இடத்தில் அடிப்படைப் பயிற்சி முடித்தவராக இருந்தால் நல்லது. போனில் கேட்க வேண்டியவை:

- ஒருவருக்கு முடியாமல் போனால் அவரோடு கீழே இறங்குவது யார்? மீதிப் பேரை யார் பார்த்துக்கொள்வார்கள்?
- ஆக்சிஜன் சிலிண்டர் கூட வருமா, அடிவாரத்திலேயே இருக்குமா?
- கடைசிக் கூடாரத்திலிருந்து வண்டிச்சாலை எத்தனை மணி நேரம்?
- சுமை கோவேறு கழுதையிலா, போர்ட்டரிடமா? போர்ட்டருக்கு ஸ்லீப்பிங் பேக், கூடாரம் உண்டா?

"அதெல்லாம் பிரச்சினையே வராது சார்" என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குப் போன் போடுங்கள். கடைசிக் கேள்விக்கு முழிப்பவரும் வேண்டாம். தன் ஆட்களைக் குளிரில் விடுபவர் உங்களையும் விடுவார்.

படி 7: கால்களைத் தயார் செய்யுங்கள்

உயரத்துக்கு நம்மூரில் பயிற்சி கிடையாது. தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். ஆனால் கால் வலிமைக்கு வெள்ளியங்கிரி, பர்வதமலை போன்றவை போதும். ஏழெட்டுக் கிலோ பையோடு ஏறி, முக்கியமாக இறங்கிப் பழகுங்கள். முட்டி தேய்வது இறக்கத்தில்தான். தமிழ்நாடு வனத்துறை 2024 முதல் கைடோடு நடத்தும் மலையேற்றப் பாதைகளும் உண்டு, கடினமான பிரிவில் ஒன்றிரண்டு போய்ப் பாருங்கள். புது ஷூவை இமயமலையில் பிரிக்காதீர்கள்.

படி 8: டிக்கெட் போடுங்கள்

இது கடைசிப் படியாகவே இருக்கட்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று டிக்கெட்டை முதலில் போட்டுவிட்டால் மேலே சொன்ன எல்லாமே அதற்குள் நசுங்கிவிடும். கேஸ் சிலிண்டர்களை விமானத்தில் கொண்டுபோக முடியாது, பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும். ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் சுமார் 250 கிலோமீட்டர், முழுப் பகல் பயணம். வழியில் மண் சரிந்தால் அரை நாளும் நிற்கலாம், ஒரு நாளும் நிற்கலாம். நடை முடியும் தேதிக்கும் திரும்பும் டிக்கெட் தேதிக்கும் நடுவில் இரண்டு நாள் விட்டுவையுங்கள். ஒன்று மேலே வானிலைக்கு, ஒன்று கீழே சாலைக்கு. இரண்டுமே மிஞ்சினால் ரிஷிகேஷில் கங்கைக் கரையோரம் துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு, வயிறாரச் சாப்பிட்டுத் தூங்குங்கள்.