ஐந்து எழுத்து கேட்டால் நான்கு எழுத்து வந்த கதை

ஐந்து எழுத்து ஆங்கிலச் சொல், அதில் க்யூ இருக்கணும், யூ இருக்கக் கூடாது. வேர்டில் (Wordle) என்ற சொல் விளையாட்டை ஆடுகிறவர்களுக்கு இந்தத் தலைவலி தெரியும். லினக்ஸ் கணினியில் வரிகளைத் தேடித்தரும் கிரெப் (grep) கட்டளை இருக்கும்போது மண்டையை உடைப்பானேன் என்று, ஒரு நண்பர் தந்த ஸ்கிராபிள் சொற்பட்டியலில் '^.....$' என்று தேடினேன். ஒரு புள்ளிக்கு ஒரு எழுத்து. ^ வரியின் தொடக்கம், $ முடிவு.

வந்ததெல்லாம் குவிஸ், குவிட் மாதிரி நான்கு எழுத்துச் சொற்கள்!

கோளாறு கோப்பில். அது விண்டோஸில் சேமித்தது. அங்கே ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத கூடுதல் குறி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். கிரெப் அதையும் ஓர் எழுத்தாக எண்ணிவிட்டது. அந்தக் குறியை நீக்கும் டாஸ்2யூனிக்ஸ் (dos2unix) கட்டளையைக் கோப்பின் மேல் ஒருமுறை ஓட்டியதும் சரியாகிவிட்டது.

அப்புறம் எளிது. வந்த விடையை அப்படியே அடுத்த கட்டளைக்கு அனுப்பும் பைப் (|) போட்டு, அடுத்த கிரெப்பில் க்யூவைக் கேட்டேன். அதற்கடுத்ததில் -வி (-v) சேர்த்து யூவைக் கழித்தேன். எழுத்துகளை ஒரே கட்டளையில் திணிப்பதைவிட இப்படித் தனித்தனியாக வடிகட்டுவதே மேல், எந்த வரிசையில் இருந்தாலும் சிக்கும். ஃபகீர் (faqir) வந்தது, ஈரானின் நிலத்தடி நீர்க்கால்வாயான கனாத்தும் (qanat) வந்தது.