மாமி வீட்டுத் தண்ணீரும் தேத்தண்ணிக் கடை வடையும்: யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு

யாழ்ப்பாணம் பார்க்க வரும் வெள்ளைக்காரர் தடுப்பூசி போட்டுக்கொண்டு வருவார். நம்மவர் பெட்டி நிறையச் சொக்லேட்டோடு போய் இறங்குவார். எங்கட ஊர்தானே என்ற நினைப்பு! லண்டனில், டொரன்டோவில் பிறந்த பிள்ளையின் வயிற்றுக்கு அது தெரியாது. நெருப்புக்காய்ச்சல், அதாவது டைபொயிட், அங்கே இன்னும் இருக்கிறது. புறப்பட 2 வாரத்துக்கு முன்பாவது ஊசியைப் போட்டுவிடுங்கள். வழக்கமான ஊசியின் பலன் 2, 3 வருடம்தான். அதுவும் முழுக் காப்பு இல்லை.

பஸ் நிலையக் கழிப்பறையைக் கண்டால் எல்லோரும் மூக்கைப் பொத்துவார்கள். அங்கே தண்ணீர் இருக்கும், சவர்க்காரம்தான் இராது. சின்னக் கட்டி ஒன்றைப் பையில் வைத்திருங்கள், போதும். எனக்குப் பயம் கிணறுதான். குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகள் வழியே மலக்குழிக் கழிவு கிணற்றுக்குள் கசியும். தண்ணீரோ பளிங்குபோல இருக்கும், ருசியும் அருமை. "மாமி, கொதிச்சாறின தண்ணி இருக்கோ?" என்று தயங்காமல் கேளுங்கள், மாமி ஒன்றும் நினைக்கமாட்டா. பல் விளக்கவும் அதையே எடுங்கள்.

அப்புறம் தேத்தண்ணிக் கடை. ஒரு தட்டில் றோல்ஸ், வடை, பற்றிஸ் எல்லாம் குவித்து மேசையில் வைப்பார்கள். சாப்பிட்டதற்கு மட்டும் காசு. மிச்சம் அப்படியே அடுத்த மேசைக்குப் போகும். உங்களுக்கு முன் எத்தனை பேர் அந்த வடையை அமத்திப் பார்த்தார்களோ! சட்டியிலிருந்து சூடாக எடுத்துத் தரச் சொல்லுங்கள், பச்சைச் சம்பலைத் தொடாதீர்கள். கண்முன்னே கல்லில் கொத்தும் கொத்துரொட்டி பரவாயில்லை. நல்லூர்த் திருவிழாவில் ஐஸ் போட்ட சர்பத்தை விட்டு, இளநீர் வெட்டிக் குடியுங்கள்.

மார்கழி மழையில் போகிறீர்களா? 2024 டிசம்பரில், வெள்ளத்துக்குப் பின் எலிக்காய்ச்சலால் யாழ்ப்பாணத்தில் பலர் இறந்தார்கள். காலில் புண்ணோடு வெள்ளத்தில், வயலில் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள்.

வயிற்றோட்டம் என்றால் பார்மசியில் ஜீவனி என்ற உப்புச்சீனித் தூள் கேளுங்கள். பைக்கற்றில் உள்ள அளவுப்படி கொதித்தாறிய தண்ணீரில் கரைத்து, 24 மணித்தியாலத்துக்குள் முடித்துவிடுங்கள். வீட்டில் மிஞ்சிய அன்டிபயோட்டிக்கை நீங்களே விழுங்கவேண்டாம். தெற்காசியாவின் நெருப்புக்காய்ச்சல் கிருமி பெரும்பாலும் சிப்ரோபுளொக்சசினுக்கு மசிவதில்லை. கிருமி உடலில் சில வாரம் பதுங்கியும் இருக்கும். திரும்பி வந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், இலங்கை போய்வந்ததை டொக்டரிடம் முதலில் சொல்லுங்கள். மருந்து தொடங்குமுன் இரத்தம் எடுத்துச் சோதித்தால்தான் கிருமி பிடிபடும்.