ஆர்.சி. காரில் பாகங்களை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரிமோட்டில் ஓட்டும் புது ஆர்.சி. கார் கைக்கு வந்து நாலு தடவை ஓட்டியதுமே கை துறுதுறுக்க ஆரம்பித்துவிடும். இன்னும் வேகமாகப் போனால் நன்றாக இருக்குமே, மோதினாலும் உடையாமல் இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றும். அப்போது கண்ணில் படுவது பளபளக்கும் அலுமினிய பாகங்களும் பெரிய பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத) மோட்டாரும்தான். பெரும்பாலான தவறுகள் இந்த இரண்டில்தான் தொடங்குகின்றன.

முதலில் அலுமினியம். கார் எங்காவது மோதினால் அந்த அடி எங்கேயோ போய்த்தான் ஆக வேண்டும். காரோடு வந்த, சக்கரத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் சஸ்பென்ஷன் ஆர்ம் வளைந்து அடியை வாங்கிக்கொண்டு பழைய நிலைக்குத் திரும்பும். அடி ரொம்பப் பலமாக இருந்தால் உடையும். இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றிப் புதிதாக ஒன்றைப் போட்டால் வேலை முடிந்தது. அலுமினிய ஆர்ம் அப்படி வளைந்து கொடுக்காது. ஒன்று, வளைந்த இடத்திலேயே நின்றுவிடும். அல்லது அடியை அப்படியே உள்ளே தள்ளிவிடும். நான் ஒருமுறை முன்பக்க ஆர்ம் இரண்டையும் அலுமினியத்துக்கு மாற்றினேன். கல் திண்டில் ஒரே ஒரு மோதல். ஆர்மில் சின்னக் கீறல்தான். ஆனால் அதைப் பிடித்திருந்த ஹிஞ்ச் பின் என்ற கம்பி வளைந்து, இடுக்கியால் இழுத்தும் வெளியே வரவில்லை. அந்தக் கம்பியைத் தாங்கும் சட்டமான பல்க்ஹெட்டில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். அதை மாற்றக் காரின் முன்பாதி முழுவதையும் பிரிக்க வேண்டியிருந்தது.

அதற்காக உலோகமே வேண்டாம் என்று சொல்லவில்லை. மோட்டார் மவுண்ட், சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் 12 மி.மீ. ஹெக்ஸ் என்ற அறுகோணத் துண்டு, ஷாக் அப்சார்பரின் மூடி, ஸ்டீல் டிரைவ் ஷாஃப்ட் ஆகியவற்றை உலோகத்தில் போட்டால் உண்மையிலேயே பலன் உண்டு. மோதலில் முதல் அடி வாங்கும் பம்பரும் ஆர்மும் வளைந்து கொடுக்கும் நைலானில் இருப்பதே நல்லது.

அடுத்தது வேகம். பிரஷ்லெஸ் மோட்டாரில் எழுதியிருக்கும் கே.வி. எண், சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பதைக் காட்டுகிறது. 3500 கே.வி. மோட்டாரை இரண்டு செல் லைப்போவில் (லித்தியம் பாலிமர் பேட்டரியில்), அதாவது 7.4 வோல்ட்டில் ஓட்டினால் கணக்குப்படி 25,900 சுற்று. அதே மோட்டாருக்கு மூன்று செல், 11.1 வோல்ட் கொடுத்தால் 38,850. பேட்டரியை மட்டும் மாற்றிவிட்டு, மோட்டார் தண்டில் இருக்கும் சின்னக் கியரான பினியனை அப்படியே விட்டால் மோட்டார் கரண்ட்டை உறிஞ்சிக் கொதிக்கும். செல் கூடும்போது பினியனில் பல் குறைய வேண்டும். பலர் நேர்மாறாக, வேகம் வேண்டுமென்று பெரிய பினியனையும் சேர்த்தே போட்டுவிடுகிறார்கள். சில நிமிடம் ஓட்டி நிறுத்தி மோட்டாரின் சூட்டைப் பாருங்கள். 80 டிகிரி செல்சியஸைத் தொடுகிறது என்றால் அன்றைக்கு ஓட்டியது போதும். அதிகச் சூட்டில் உள்ளே இருக்கும் காந்தம் வலுவிழந்தால் அது திரும்பி வராது. மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி. எத்தனை செல் வரை தாங்கும் என்பதையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். இரண்டு செல்லுக்கானதில் மூன்றைச் செருகினால் புகைதான் வரும்.

பினியனை மாற்றும்போது அவசரப்படாதீர்கள். பிட்ச் என்பது பல்லின் அளவைக் குறிக்கும் எண். பினியன் சுற்றும் பெரிய கியரான ஸ்பர் 48 பிட்ச் என்றால், அதோடு 32 பிட்ச் பினியன் சேராது. பிட்ச் சரியாக இருந்தாலும் இடைவெளி முக்கியம். சாதாரண வெள்ளைத் தாளில் ஒரு கீற்றைக் கிழித்து இரண்டு கியருக்கும் நடுவே விட்டு, மோட்டாரை அழுத்திப் பிடித்து ஸ்க்ரூவை முடுக்குங்கள். பிறகு ஸ்பரைக் கையால் சுற்றித் தாளை வெளியே எடுங்கள். தாளில் பல்லின் மடிப்பு வரிசையாகத் தெரிய வேண்டும், தாள் கிழிந்திருக்கக் கூடாது. அப்புறம் ஸ்பரை ஒரு முழுச் சுற்று சுற்றி, நாலு இடத்தில் நிறுத்தி லேசாக ஆட்டிப் பாருங்கள். பிளாஸ்டிக் ஸ்பர் முழு வட்டமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. இறுக்கமான இடத்துக்கு ஏற்றபடிதான் இடைவெளியை வைக்க வேண்டும்.

நிக்கல் பேட்டரியிலிருந்து லைப்போவுக்கு மாறுபவர்கள் ஈ.எஸ்.சி.யின் அமைப்பை மாற்ற மறந்துவிடுகிறார்கள். லைப்போ செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் கெட்டுவிடும், உப்பவும் செய்யும். நிக்கலுக்கான அமைப்பில் இருக்கும் ஈ.எஸ்.சி. அதைத் தடுக்காது. கார் மெதுவாகும்வரை நீங்களும் ஓட்டிக்கொண்டே இருப்பீர்கள். சார்ஜரும் லைப்போவுக்கானதாக, ஒவ்வொரு செல்லையும் சமன் செய்வதாக இருக்க வேண்டும். இதில் சமரசம் வேண்டாம். இது தீப்பிடிக்கும் பொருள். பழைய வெள்ளை பிளாஸ்டிக் கனெக்டரும் பெரிய கரண்ட்டுக்கு ஆகாது, சூட்டில் உருகிவிடும்.

முன் சக்கரத்தைத் திருப்பும் சர்வோவைப் பலமானதாக வாங்குபவர்கள் இரண்டு விஷயத்தைப் பார்க்க வேண்டும். அதன் தண்டில் 23, 24, 25 என எத்தனை பல் என்பது ஒன்று, தண்டில் மாட்டும் சின்னக் கையான ஹார்ன் அதற்குப் பொருந்த வேண்டும். ஈ.எஸ்.சி. அந்த சர்வோவுக்கு வேண்டிய கரண்ட்டைத் தருமா என்பது இன்னொன்று. தராவிட்டால் சக்கரத்தைத் திருப்பும் நொடியில் வோல்ட் சரிந்து, ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர் அணைந்து எழும். வேகமாகப் போகும் கார் அந்த நொடியில் உங்கள் சொல்லைக் கேட்காது.

ஸ்க்ரூ விஷயம் சின்னதுதான், ஆனால் காரின் ஆயுளே அதில் இருக்கிறது. பிளாஸ்டிக்கில் போகும் ஸ்க்ரூவை நேராக முடுக்காதீர்கள். முதலில் எதிர்ப்பக்கம் மெல்லச் சுற்றுங்கள். டக்கென்று ஒரு சின்ன இறக்கம் விரலில் தெரியும். பழைய மரையில் ஸ்க்ரூ உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம், இனி முடுக்கலாம். நேராக முடுக்கினால் ஒவ்வொரு முறையும் புது மரை வெட்டி, சீக்கிரமே ஓட்டை லூசாகிவிடும். ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசையான திரெட்லாக் உலோகத்தோடு உலோகம் சேரும் இடத்துக்கு மட்டும்தான். சில பிளாஸ்டிக்குகளை அது வெடிக்க வைத்துவிடும்.

எதை முதலில் மாற்றலாம் என்று கேட்டால் என் பதில் பேரிங்தான். பல கார்கள் பேரிங்குக்குப் பதிலாக பிளாஸ்டிக் அல்லது வெண்கல வளையமான புஷ்ஷோடு வருகின்றன. அவை தேய்ந்து ஆடத் தொடங்கும்போது கியரும் சேர்ந்து தேய்கிறது. பால் பேரிங் போட்டால் சக்கரம் சுலபமாகச் சுற்றும், மோட்டார் சூடு குறையும், பேட்டரியும் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். அடுத்து டயர், ஷாக் ஆயில். மோட்டார் கடைசியில்தான்.

ஒரு நாளில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மோட்டாரையும் டயரையும் ஷாக்கையும் ஒன்றாக மாற்றிவிட்டு, வளைவில் கார் ஏன் கவிழ்கிறது என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. கழற்றிய பழைய பாகத்தை அதன் ஸ்க்ரூக்களோடு ஒரு சின்னப் பையில் போட்டு, மேலே பெயர் எழுதி வையுங்கள்.