4,29,49,67,297: ஒரு பெரிய எண்ணைக் கையாலேயே காரணிப்படுத்தும் முறை

2³²+1 என்னும் இந்த எண் பகா எண்ணா, பகு எண்ணா என்பதைக் காகிதமும் பேனாவும் கொண்டே முடிவு செய்யலாம். அடுக்கு 1, 2, 4, 8, 16 என இரட்டிக்கும்போது கிடைக்கும் 3, 5, 17, 257, 65,537 ஆகிய ஐந்தும் பகா எண்களாக இருந்ததால், அடுத்து வருவனவும் அவ்வாறே அமையும் என 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா கருதினார். ஆறாவதாகிய இவ்வெண்ணை 1732-இல் கணிதவியலாளர் ஆய்லர் பிரித்துக் காட்டினார்.

இதன் வர்க்கமூலம் 65,536-ஐச் சற்றே தாண்டும். அதுவரையுள்ள 6,542 பகா எண்களாலும் வகுத்துப் பார்க்கத் தொடங்க வேண்டாம். காரணி எந்த வடிவில் இருக்க முடியும் என்பதை முதலில் கண்டறிய வேண்டும். p என்னும் பகா எண் இதனை வகுக்குமாயின், 2³²-ஐ p-ஆல் வகுக்க மீதி −1 (அதாவது, ஒன்றைக் கூட்டினால் மீதியின்றி வகுபடும்), எனவே 2⁶⁴-ஐ வகுக்க மீதி 1 ஆகும். இதிலிருந்து p−1 என்பது 64-இன் மடங்காக இருந்தாக வேண்டும் என்பது பெறப்படும். அது 128-இன் மடங்காகவே இருக்கும் என்று பின்னர் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூகா நிறுவினார். ஆகவே 129, 257, 385, 513, 641 என்ற வரிசையில் தேடினால் போதும். இவற்றுள் 129, 385, 513 பகு எண்கள், 257-ஆல் வகுத்தால் மீதி 2 வரும், எஞ்சுவது 641.

இங்கே நீள் வகுத்தலும் தேவையில்லை. 641 = 5×2⁷+1 என்பதால், 641-ஆல் வகுக்கையில் 5×2⁷-இன் மீதி −1; அதனை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴×2²⁸-இன் மீதி 1. அதே 641 = 5⁴+2⁴ என்பதால் 5⁴-க்குப் பதிலாக −2⁴-ஐ இடலாம்; அப்போது −2³²-இன் மீதி 1, அதாவது 2³²+1 மீதியின்றி வகுபடும். இத்தனை சுருக்கமும் அழகும் கூடிய நிரூபணங்கள் எண் கோட்பாட்டில் அரியவை.

ஈவு 67,00,417. அதன் வர்க்கமூலம் 2,589-க்குள் அடங்குவதால், 128-இன் மடங்கை விட ஒன்று கூடுதலான பகா எண்களில் 257, 641, 769, 1,153, 1,409 ஆகியவற்றை மட்டும் சோதித்தால் போதும். எதுவும் வகுக்காததால் அது பகா எண். ஆகவே நம் எண்ணின் வகுத்திகள் நான்கு. அவற்றின் கூடுதல் 4,30,16,68,356.

பகா எண்ணை இரு வர்க்கங்களின் கூடுதலாக ஒரு வழிக்கு மேல் எழுத இயலாது. இவ்வெண்ணோ 65,536²+1² என்றும் 62,264²+20,449² என்றும் இரு வழிகளில் அமைகிறது. பகு எண் என்பதற்கு இதுவே தனிச் சான்று. இவற்றிலிருந்தே காரணியையும் பெறலாம். இரட்டைப்படை எண்களான 65,536, 62,264 ஆகியவற்றின் வேறுபாடு 3,272, கூடுதல் 1,27,800. ஒற்றைப்படை எண்களான 20,449, 1 ஆகியவற்றின் வேறுபாடு 20,448, கூடுதல் 20,450. இரு வேறுபாடுகளின் மீப்பெரு பொது வகுத்தி 8, இரு கூடுதல்களின் மீப்பெரு பொது வகுத்தி 50; இவற்றின் பாதிகளான 4, 25 ஆகியவற்றை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 16+625 = 641.